எட்டாவது தலை

இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேரும் எழுந்து போனதும் அந்தப் பலகையில் நான் உட்கார வேண்டும், என் மடியில் தன்ஷிகாவை வைப்பார்கள், முதலில் என் தலை, அடுத்தது அவள் தலை. ஏழாவது நான், எட்டாவது அவள், கத்தி ஒன்றே ஒன்று. பெயரைப் பாருங்கள், தன்ஷிகா. கரையடிக் கருப்பசாமிக்கு முடி கொடுக்க வந்த ரெண்டு வயதுப் பிள்ளைக்குத் தன்ஷிகா என்று பெயர். என்ன அர்த்தம் என்று என் தங்கச்சி ராஜகனியைக் கேட்டேன், செல்போனில் பார்த்து வைத்ததாம், அர்த்தமும் அதிலேயே இருக்குமாம். எனக்கு வாயில் நுழையவில்லை, தனுசு என்றுதான் கூப்பிடுகிறேன், அதுவும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. இப்போது அந்தக் கோடி உடைமரத்தடியில் வேட்டித் தொட்டிலில் கிடந்து காலை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறுகிறது. கண்மாயில் தண்ணீர் இல்லை, கரை மேலிருந்து புழுதி வருகிறது, பொங்கல் பானை அடுப்புப் புகை வருகிறது, மஞ்சள் தண்ணீர் வாசனை வருகிறது. ஒவ்வொரு தலை முடிந்ததும் மொட்டை போடுகிற மாயண்ணன் கத்தியை அந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பில் ஒரு முக்கு முக்கித் துண்டில் துடைத்துக்கொள்கிறார். மாமனுக்கும் மருமகளுக்கும் நடுவில் அதுவும் கிடையாது. மாமன் தலையிலிருந்து எடுத்த கத்தியைக் கீழே வைக்காமல், கழுவாமல், அப்படியே பிள்ளை தலையில் வைக்க வேண்டும், கழுவினால் உறவு கழுவிப் போய்விடும் என்பது இந்தக் கோயில் வழக்கம். என் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது, பி வகை என்று சொன்னார்கள். இந்த மரத்தடியில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இல்லை, கருப்பனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்யப் போகிறார், கையில் அரிவாளை வைத்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் பவுன்தாய்க்குத் தெரியும். அவளும் வந்திருக்க வேண்டியவள், வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் வந்தால் என் வாய் சும்மா இருக்காது, நீங்களே போய்விட்டு வாருங்கள், ஆனால் அந்தப் பிள்ளை தலையில் அந்தக் கத்தி படக் கூடாது, பட்டதென்றால் என் முகத்தில் முழிக்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். எப்படிப் படாமல் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. பெண்டாட்டிகள் இப்படித்தான், வழி காட்ட மாட்டார்கள், போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டும் கறாராகச் சொல்லுவார்கள். எல்லாம் அவளால் தெரிய வந்ததுதான். அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் பதிலுக்கு ஒரு யூனிட் ரத்தம் கேட்டார்கள், நான் மீசையை முறுக்கிக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் சார் என்றது ஒரு பெண் குரல். பருத்திப்பால் விற்கிறவனை யாராவது சார் என்று கூப்பிட்டால் அப்போதே அவன் பயந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் சின்ன வயது, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். சாப்பாட்டில் பரவாது, தம்ளரில் பரவாது, தொட்டால் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது. ரத்தத்தில் பரவும், ஊசியில், சவரக் கத்தியில், புருஷன் பெண்டாட்டிக்குள், தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஈரலைப் பார்த்துக்கொண்டால் போதும், தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது, பயப்படாதீர்கள், வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வந்து பாருங்கள், இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றாள். பவுன்தாய்க்கு இல்லை, ஊசி போட்டாயிற்று. அன்றைக்குக் கையெழுத்துப் போட அந்தப் பெண் பேனாவைக் கொடுத்தாள், நான் திருப்பிக் கொடுத்தேன், அவள் அதைத் துடைக்காமல் வாங்கி மூடியை வாயில் கடித்துக்கொண்டு எழுதினாள். அவள் சொன்ன எதையும்விட அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நோய் என்று சொன்ன வாயாலேயே ஒருத்தி என் பேனா மூடியைக் கடிக்கிறாள் என்றால் நான் இன்னும் மனுஷன்தான். எழுந்திருக்கும்போது கேட்டேன், ரத்தம் காய்ந்துபோனால் செத்துவிடுமா என்று. காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்றாள்.

ஏழு நாள். செம்பில் முக்கி எடுக்கிற நேரம் ரெண்டு விநாடி. முதல் ஆள் எழுந்துவிட்டான். இன்னும் ஐந்து பேர். தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், மச்சான் அடுத்து உங்க தாடிக்கும் சேத்துச் சொல்லவா என்கிறான், நானும் சிரிக்கிறேன். ரெண்டாவதாக உட்கார்ந்திருக்கிறவர் தங்கச்சி மாப்பிள்ளை சோலையப்பனின் பெரியப்பா, இந்தப் பங்காளிக் கூட்டத்துக்கு மூத்தவர். அவர் மண்டையில் ஒரு பழைய தழும்பு மேடு இருக்கிறது, அதன்மேல் கத்தி ஏறும்போது ஒரு சின்னப் பொட்டாக ரத்தம் வருகிறது, மாயண்ணன் கட்டை விரலால் துடைத்து மஞ்சளை வைத்து அழுத்துகிறார், மேலே வழித்துக்கொண்டே போகிறார். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் பார்க்கவில்லை. நான் மூன்று மாசத்துக்கு முன்னால் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன். மொட்டை என்றால் நாலு பொட்டு ரத்தம் வரத்தான் செய்யும், அதுவும் சாமிக்குப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இப்போது எனக்கு அது மட்டும்தான் தெரிகிறது, கத்தி நுனி, மாயண்ணனின் கட்டை விரல், செம்பில் மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மண் நிறத்துக்கு மாறுவது. மனசு அதிலேயே போய்ச் சிக்கிக்கொள்கிறது, இழுத்தாலும் வரவில்லை.

காலையிலேயே மாயண்ணனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். டவுனில் எல்லாம் ஆளுக்கு ஒரு பிளேடு மாற்றுகிறார்களே அண்ணே, இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று விளையாட்டாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. மூன்று தலைமுறையாகச் சாமி காலடியில் இருக்கிற கத்தி இது, வருஷம் பூராவும் பெட்டிக்குள் இருந்து கும்பிடு வாங்குகிறது, பிளேடில் வழிக்கிற தலையைக் கருப்பன் எடுத்துக்கொள்ள மாட்டான் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கத்தியை அவர் தீட்டுகிற அழகைப் பார்த்தாலே தெரியும், வேலையில் சுத்தமான மனுஷன். அழுக்கு என்றால் அவருக்குத் தெரியும், ரத்தம் அழுக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ராஜகனியிடம் முந்தாநாள் போனில் ஆரம்பித்தேன். பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். போட்டிருந்தால் கவலையில்லை என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொல்லியிருந்தாள், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அதற்கு முன்னால் நாலு நாள் தூங்கியிருந்தேன். பிறந்த அன்றைக்கு ஒன்று போட்டார்களாம், ஒன்றரை மாசத்தில் ஒன்று போட்டார்களாம், அதில் ரெண்டு நாள் காய்ச்சல் அடித்ததாம், அதற்குப் பிறகு மாமியார் வேண்டாம் என்றுவிட்டாளாம். நர்ஸ் வந்து கதவைத் தட்டினால் பிள்ளை ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊசி போடாமல் ஒளித்துவைத்த பிள்ளையைக் கத்திக்கு மட்டும் பட்டுப்பாவாடை கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். சரி, விஷயத்தைச் சொல்லிவிடுவோம் என்று, ரத்தத்தில் கிருமி இருக்கிற ஆளுக்கு மொட்டை போடலாமா என்று இழுத்தேன். யாருக்கு அண்ணே, அந்தச் சந்தனமாரிக்கு இருந்துச்சே அதுவா, சீ, வாயக் கழுவு, நல்ல காரியம் பேசுறப்ப அவ பேச்சு எதுக்கு என்றாள். சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

சந்தனமாரி. இந்தப் பெயர் வரக் கூடாது என்றுதான் மனசை வேறு பக்கம் மேய விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர், புருஷன் இல்லை, தானுண்டு சோலியுண்டு என்று இருந்தவள். ரத்ததான முகாம் என்று பந்தல் போட்டார்கள், அவளும் கொடுத்தாள். அவளுக்கு வந்த கடிதத்தை யாரோ வழியில் பிரித்துப் படித்துவிட்டார்கள், படித்தவனுக்கு அரைகுறையாகப் புரிந்தது, புரிந்ததை ஊருக்கு முழுசாகச் சொன்னான். மறுநாள் அறுபது பிள்ளைகளில் ஒன்றுகூடத் தட்டு எடுக்கவில்லை. உப்பில்லாமல் பத்தியம் இரு என்றார்கள், கீழாநெல்லி அரைத்துக் குடி என்றார்கள், கையில் சூடு போட்டால் இறங்கிவிடும் என்றார்கள், அவள் அதையெல்லாம் செய்தாள், கையில் ரெண்டு சூடு போட்டுக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள், அப்போதும் உள்ளே விடவில்லை. சுகாதார நர்ஸ் ஒரு நாள் படமெல்லாம் கொண்டுவந்து மாட்டி, சாப்பாட்டில் பரவாது என்று தொண்டை வற்றப் பேசினார், கேட்டது நாலு பேர், அதில் ரெண்டு பேர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள். நான் என் வண்டியடியிலிருந்தே பார்த்தேன், போகவில்லை. அதற்கு ரெண்டு நாள் கழித்து அவள் சாயங்காலம் என் தள்ளுவண்டிக்கு வந்து ஒரு பருத்திப்பால் கேட்டாள். கண்ணாடித் தம்ளர் பன்னிரண்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நான் குனிந்து கீழே தேடி ஒரு காகித டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அந்தப் பன்னிரண்டையும் பார்த்தாள், கையில் இருப்பதையும் பார்த்தாள், நின்றுகொண்டே குடித்தாள், சுக்கு நல்லா இருக்குண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண்மறையக்கூட நான் காத்திருக்கவில்லை, அவள் நின்ற இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். சத்தம் கேட்டு அவள் திரும்பினாளா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, நான் நிமிரவில்லை. அப்போது என் ரத்தத்திலும் அது இருந்திருக்கிறது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கையிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த மாசம் அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு பேர். இல்லை, மூன்று. நடுவில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டேன். காளிராஜ் உட்கார்ந்து எழுந்தே போய்விட்டான், என் சித்தி மகன், அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதான், மொட்டை அவனுக்குப் பொருத்தமாக இருக்கிறது. நான் இந்தப் பக்கம் யோசித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் தலை குறைந்துகொண்டே வருகிறது. எழுந்து போய்விட்டால் என்ன. பன்னிரண்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது என்று கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ரோடு. போனால் தேடுவார்கள், காத்திருப்பார்கள், முதல் முடிக்குத் தாய்மாமன் இல்லை என்றால் ராஜகனி அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து அவள் பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் காளிராஜை உட்கார வைப்பார்கள், இதே கத்தியில் பிள்ளைக்கு வழிப்பார்கள். அப்படியானால் என் ரத்தம் படாது. இங்கேதான் மனசு ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுகிறது. என் ரத்தம் படாது, சரி, மற்ற ஆறு பேர் ரத்தம்? இந்த ஆறு பேரில் யார் கையை நீட்டி ரத்தம் பார்த்திருக்கிறார்கள்? பார்த்த ஒரே ஆள் நான், அதனால் நோயாளி நான், பார்க்காதவர்கள் எல்லாம் சொகமாக இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் செத்தார். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாக வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தார். அவருக்கு முன்னால் அவர் தம்பி, அதே வயிறு. குடியும் கிடையாது. கருப்பன் அடித்தது என்றார்கள். ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து முடி கொடுக்காமல் விட்டார்களாம், அந்தக் கோபமாம். அதிலிருந்து இந்தக் கூட்டத்தில் ஒரு ஆம்பிளை விடாமல் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வயிறு வீங்கிச் செத்தால் பயந்துபோய் மொட்டை, மொட்டை போட்டால் ஒரே கத்தி, கத்தி பட்டால் பத்து இருபது வருஷம் கழித்து இன்னொரு வயிறு.  இந்த வட்டத்தை இத்தனை பேரில் நான் ஒருவன் மட்டும் பார்க்கிறேன், வேறு யாராவது பார்க்கக் கூடாதா, படித்தவன் எவனாவது.

அதோடு இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்கவே பிடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜகனிக்குப் பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நான் இங்கே வந்து இதே பலகையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எத்தனையாவது தலை என்று எண்ணவில்லை, எண்ண வேண்டும் என்று யாருக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் ஒரு கீறல் விழுந்தது, வீட்டுக்குப் போய்ப் பவுன்தாய் தேங்காய் எண்ணெய் வைத்தாள். அதிலேதான் வந்ததா, இல்லை சந்தை மேட்டு ஊசிக்காரரிடம் சின்ன வயதில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட ஊசிகளில் வந்ததா, யார் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிப் பெண்ணும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும்போது காதுக்குப் பின்னால் அந்த இடம் அரிக்கிறது. பிள்ளை வரம் கொடுத்த கையாலேயே கருப்பன் எனக்கு இதையும் கொடுத்தாரா? கொடுத்ததை நான் இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கே சேர்த்துவிட வேண்டுமா? ராஜகனி வந்து நிற்கிறாள். மோர் வேண்டுமா என்கிறாள், முகமெல்லாம் சந்தோஷம், இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம். மதினி வராததுதான் குறை, மத்ததெல்லாம் நெறைஞ்சிருச்சுண்ணே என்கிறாள். இப்போது சொல்லிவிடலாம், பக்கத்தில் யாரும் இல்லை, குனிந்து ரெண்டு வார்த்தை. சொல்லுகிறேன், ராஜகனி என்கிறேன். என்னண்ணே என்கிறாள். மோர் வேண்டாம் என்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததா. சாயங்காலம் நாலு மணிக்குப் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பேன். ஒருவரும் வரமாட்டார்கள். திட்ட மாட்டார்கள், சண்டைக்கு வரமாட்டார்கள், அதெல்லாம் செய்தால்கூடப் பரவாயில்லை. எதிர்ச் சாரியில் நடந்து போவார்கள். நலம் விசாரிப்பார்கள், உடம்பை பாத்துக்கங்க என்பார்கள், ஒரு கை தூரம் தள்ளி நின்று சொல்லுவார்கள். பவுன்தாய் குழாயடியில் குடத்தை வைத்தால் முன்னால் இருக்கிற குடங்கள் நகரும். எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிகிறது, ஏனென்றால் எல்லாவற்றையும் நான் ஒருத்திக்குச் செய்திருக்கிறேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், அதுதான் கஷ்டம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பல பேருக்கு ஒட்டிக்கொண்டுவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள், சொன்னபோது அது எனக்கு ஒரு தகவலாக மட்டும் இருந்தது. தனுசு வளரும், பள்ளிக்கூடம் போகும், சமைந்து பட்டுச்சேலை கட்டும், கல்யாணம் ஆகிப் பிள்ளை உண்டாகி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கும். அப்போது ஒரு பெண் அதைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாள். அந்தச் சாத்துகிற கதவு என் கையால் சாத்தியது என்று அதற்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை உள்ளே ஒருவன் பிடித்துப் பிடித்து இழுக்கிற இடம். தெரியவே போவதில்லையே, பேசாமல் உட்கார், ரத்தம் வராமலே போகலாம், மாயண்ணன் கை பூப்போல, பேசாமல் இரு என்கிறான் அவன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் குனிந்து காகித டம்ளரைத் தேடியவன் அவன்தான்.

மாமன் வாங்க என்கிறார்கள். ஆறு தலையும் முடிந்துவிட்டது, எப்போது முடிந்தது, என்னைக் கையைப் பிடித்து எழுப்புகிறார்கள், மேளக்காரர் ரெண்டு தட்டுத் தட்டுகிறார். பலகை சூடாக இருக்கிறது. மடியில் தனுசை வைக்கிறார்கள், பட்டுப்பாவாடை ஜரிகை தொடையில் குத்துகிறது, அது என் சுண்டு விரலை முழுக் கையாலும் பிடித்துக்கொள்கிறது, மாமா, ஆடு என்கிறது, அங்கே கட்டியிருக்கிற கிடாயைக் காட்டுகிறது. அதன் உச்சந்தலை வியர்த்திருக்கிறது, பால் வாசனை அடிக்கிறது, நான் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறேன், முத்தத்தில் பரவாது, எனக்குத் தெரியும். மாயண்ணன் என் தலையில் தண்ணீரைத் தெளித்து அரக்கித் தேய்க்கிறார். கத்தி அவர் கைக்கு வருகிறது. என் கழுத்தை ஒரு விரலால் குனிய வைக்கிறார். 

"மாயண்ணே, கத்திய வைக்காதீங்க. எனக்கு ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. என் தலையில பட்ட கத்தி பிள்ளை தலையில படக் கூடாது."

என் குரல்தானா என்று இருக்கிறது, சந்தையில் விலை சொல்லுகிற மாதிரிச் சாதாரணமாக வருகிறது. மேளம் நிற்கிறது. ராஜகனி என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையை மட்டும் பார்க்கிறாள், வந்து அதன் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுக்கிறாள், அது என் சுண்டு விரலை விடவில்லை, விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடிகுழாய்க்கு ஓடுகிறாள். நான் முத்தம் கொடுத்த கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். தொடுறதுல வராது ராஜகனி என்கிறேன், கேட்டிருக்காது. மாப்பிள்ளை என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் பின்வாங்கி நிற்கிற நிற்பைப் பார்த்து நானே எழுந்துவிடுகிறேன். பலகையைக் காலால் தள்ளிவிட்டு வேறு பாய் போடுகிறார்கள். பெரியப்பா மெதுவான குரலில், நேரம் போகுது, காளிராசு நீ உக்காருப்பா என்கிறார். காளிராஜ் உட்காருகிறான். கன்னம் சிவந்துபோன பிள்ளையை அவன் மடியில் வைக்கிறார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்துவிட்டது, பெரிய கண்டம் தப்பியது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மாயண்ணன் அதே கத்தியை அந்தச் செம்மண் நிறத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குகிறார், துண்டில் துடைக்கிறார்.

"அந்தக் கத்திய மாத்துங்க" என்கிறேன். "அது ஆறு தலையில ஓடுன கத்தி."

"ஒன் தலையிலதான் படலையே, பெறகென்ன?" என்கிறார் பெரியப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரிச் சொல்லுகிறார்.

அவர் தழும்பு மேட்டில் வைத்த மஞ்சள் இன்னும் காயவில்லை. யார் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, யாருக்கு இல்லை என்றும் தெரியாது என்று சொல்லுகிறேன், நர்ஸ் மாதிரி, தொண்டை வற்ற, ஒவ்வொன்றாக. என் வாய் அசைவதைத்தான் பார்க்கிறார்கள், அதிலிருந்து எச்சில் தெறிக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாயண்ணன் பிள்ளையின் தலையில் தண்ணீர் தேய்க்கிறார். இனிமேல் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. இவர்கள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான், அது என்னிடம் இருக்கிறது. ரெண்டு எட்டு வைத்துப் போய் மாயண்ணன் கையிலிருந்த கத்தியை அலகோடு பிடித்து இழுக்கிறேன், அவர் பிடியை விட்டுவிடுகிறார், நான் மடமடவென்று பிள்ளையை விட்டுத் தள்ளி வந்து, வெட்டவெளியில் நின்று, அலகைச் சுற்றி விரலை நன்றாக மடக்கி மூடுகிறேன். வலிக்கிறது. நினைத்ததைவிட அதிகமாக வலிக்கிறது. மூன்று தலைமுறை தீட்டிய கத்தி அல்லவா. மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கையில் சொட்டுகிறது, எல்லோரும் பார்க்கட்டும் என்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். மாயண்ணன் ரெண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், இனி அது ஆகாது, சாமிக் கத்தி போச்சு என்கிறார். அவர் அழுகிறார். அவருக்காக எனக்கும் அழுகை வருகிறது, அது உண்மையான அழுகைதான், ஆனாலும் விரலைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் யார் யாரோ பேசுகிறார்கள். வேறு வழியில்லை, நல்ல நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்கிறார் பெரியப்பா. சோலையப்பன் பைக்கை உதைத்துக்கொண்டு விலக்கு ரோட்டுக் கடைக்குப் போகிறான், பிளேடு பாக்கெட்டும் பிளேடு மாட்டுகிற பிடியும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான். நான் தள்ளி வந்து கரைச் சரிவில் உட்கார்ந்திருக்கிறேன். சொட்டின இடத்தையெல்லாம் நானே மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டேன், கத்தியைக் கையெட்டாத ஆழத்தில் புதைத்தாயிற்று, வேட்டி முனையைக் கிழித்து ஒரு கையாலும் பல்லாலும் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன், முடிச்சு விழ மாட்டேன் என்கிறது. கட்டிவிட யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அங்கே மாயண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளேடின் உறையைப் பிரிக்கிறார், பிடியில் மாட்டுகிறார். மேளம் தொடங்குகிறது. முதல் முடி விழுந்ததும் தனுசு வீறிட்டு அழுகிறது, மாமா, மாமா என்று கையை நீட்டி அழுகிறது. மாமா இங்கதானடா இருக்கேன், மாமா மடியிலதான இருக்க என்று காளிராஜ் குனிந்து கொஞ்சுகிறான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை, என் பக்கம் பார்த்துத்தான் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது.